பரண் மேல இருக்கு பாதி வீட்டுச் சாமான்

ஓசூர்ல வாடகை வீடு பார்த்துப் பால் காய்ச்சி இன்னும் பத்து நாள்கூட ஆகலை, என் தங்கச்சி வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் அனுப்பியிருந்தா. ஜன்னல் திரை ஒரு ஜோடி, சோபாவுக்குக் குஷன் கவர், வாசலுக்கும் பாத்ரூமுக்கும் மிதியடி, காய் வாங்கக் கூடை, சாவி போட்டு வைக்க அழகா ஏதாவது ஒண்ணு, கேக் செய்ய ஓ.டி.ஜி. அடுப்பு. “மொதல்ல எதை ஆர்டர் போடட்டும்க்கா?”னு கேட்டிருந்தா. “இன்ச் டேப் மட்டும் வாங்கு. மிச்சத்தை நான் வந்து சொல்றேன்”னு பதில் போட்டேன்.

அதுக்கப்புறம் நாலு ஞாயித்துக்கிழமை போன்ல பேசினதைத்தான் இங்க எழுதறேன். அவளை மாதிரி புதுசாக் குடித்தனம் வெச்சிருக்கற எல்லாத் தங்கச்சிகளுக்கும் இது உதவும்.

கண்ணு, ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். கையால செஞ்சா எல்லாமே மலிவுன்னு நினைச்சுக்காத. துணியையும் நூலையும் பசையையும் புதுசா வாங்கிக் குவிச்சுட்டு உட்கார்ந்தா, கடைக் குஷன் கவரைவிட நம்ம குஷன் கவருக்குத்தான் செலவு அதிகம் வரும். வீட்டுல ஏற்கெனவே கிடக்கறதை அளந்து பார்த்து, அதுல என்ன தேறும்னு கணக்குப் போட்டா மட்டும்தான் காசு மிச்சம். அதனாலதான் இன்ச் டேப்னு சொன்னேன்.

ஒரு சேலை, ஒரு ஜன்னல், அஞ்சு குஷன்

நம்ம திருப்பூர் வீட்டுப் பரண்ல அம்மாவோட பழைய காட்டன் சேலை ஒரு மூட்டை இருக்கு. சுங்குடி, கோரா காட்டன், பேரு தெரியாத ஈரோட்டுச் சேலைன்னு எல்லாம் கலந்து கிடக்கு. அதுல ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடி. துணி நைஞ்ச இடத்துல வெளிச்சம் கூடுதலாத் தெரியும். பொதுவா ரெண்டு இடத்துலதான் சேலை நையும். ஒண்ணு, உட்கார்ந்து உட்கார்ந்து தேயற பின்பக்கம். இன்னொண்ணு, கால் தட்டற கீழ் ஓரம். சந்தேகமா இருக்கற இடத்துல ரெண்டு கட்டைவிரலையும் வெச்சு ரெண்டு பக்கமும் இழுத்துப் பாரு. நூல் விலகி ‘சர்’னு சத்தம் வந்தா அந்தத் துண்டு கைப்பிடித் துணிக்குத்தான் ஆகும். அங்கல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டு வெச்சுக்கோ.

இப்போ கணக்கைப் பாரு. சேலை அஞ்சரை மீட்டர்னா ஏறக்குறைய 216 இன்ச். அகலம் 45 இன்ச்னு வெச்சுக்குவோம். உன் ஜன்னல் உயரம் 48 இன்ச்னு சொன்ன. மேல கம்பி நுழைய 4 இன்ச், கீழ மடிக்க 4 இன்ச், ஆக ஒரு திரைக்கு 56. ரெண்டு திரைக்கு 112. ஜன்னல் அகலமும் 48 இன்ச்தான். ரெண்டு திரையோட அகலம் சேர்ந்து 90 வருது. அதனால நல்லா மடிப்பு மடிப்பா விழும், இழுத்துக் கட்டின மாதிரி இருக்காது. மீதி 104 இன்ச் துணி இருக்கு. ஒரு குஷனுக்கு அதுல 17 இன்ச் போகும். ஆறு வரணும், நைஞ்ச இடம் ஒண்ணைத் தின்னாலும் அஞ்சு தேறிடும்.

குஷன் கவருக்கு ஜிப் வேண்டாம். ஜிப் வெச்சுத் தைக்கப் பழகணும், காசும் ஆகும், துவைக்கத் துவைக்க மொதல்ல கெடறதும் அதுதான். நம்ம தலையணை உறை மாதிரி மடக்கி விடறதே போதும். 16 இன்ச் குஷனுக்கு 17 இன்ச் அகலம், 40 இன்ச் நீளம் வெட்டிக்கோ. சேலையோட அகலம் இங்க கவரோட நீளமாயிடும். மிஞ்சற 5 இன்ச் பார்டரைத் திரை கட்டற நாடாவா வெச்சுக்கலாம். 40 இன்ச் துண்டோட ரெண்டு முனையையும் பக்கத்துக்கு ஒரு இன்ச் மடிச்சு ஹெம்மிங் பண்ணு, 38 ஆகும். நல்ல பக்கம் மேல பார்க்க விரி. ரெண்டு முனையையும் நடுவுக்கு மடக்கு. ஒண்ணு மேல ஒண்ணு 6 இன்ச் ஏறினா, உயரம் சரியா 16 நிக்கும். திறந்திருக்கற ரெண்டு பக்கமும் அரை இன்ச் விட்டுத் தையல் போட்டுத் திருப்பிட்டா கவர் தயார். மெஷின் இல்லாட்டி கையால பின்தையல் போடு. ஒரு சினிமா பார்க்கற நேரத்துல ரெண்டு கவர் முடிச்சுடலாம்.

பழைய காட்டனுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கு. சுருங்க வேண்டியதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிஞ்சிருக்கும், அளந்த அளவு அப்படியே நிக்கும். ஆனா அதோட சேர்த்துப் புதுசா லைனிங்கோ ஃபால்ஸோ வெச்சுத் தைக்கறதா இருந்தா, அந்தப் புதுத் துணியை ஒரு ராத்திரி தண்ணியில போட்டுக் காயவெச்சு, இஸ்திரி பண்ணி அப்புறம் தை. இல்லாட்டி மொதல் துவையல்லயே அது மட்டும் உள்ள சுருங்கி, தைச்ச இடமெல்லாம் கோணிக்கும்.

சாயத்தையும் பார்த்துடு. வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சுச் சேலை ஓரத்துல அழுத்தித் தேய்ச்சுப் பாரு. கலர் ஒட்டினா சோபாவிலயும் ஒட்டும். உப்புத் தண்ணியில ஊறவெச்சா சாயம் நின்னுடும்னு எல்லாரும் சொல்லுவாங்க. உப்பு சாயம் ஏத்தும்போது கலரைத் துணிக்குள்ள தள்ளறதுக்கு உதவுமே தவிர, ஏத்தி முடிச்சு வெளிய வர்ற கலரைப் பிடிச்சு நிறுத்தாது. சாயம் போற சேலையை நாலஞ்சு தடவை தனியா அலசு. அப்பவும் போனா அதைத் திரைக்கு மட்டும் வெச்சுக்கோ.

ரொம்ப நைஞ்சு, வெட்டவே தோதுப்படாத சேலைங்க இருக்குமே, அதுங்களை ஒண்ணு மேல ஒண்ணு மூணு நாலு அடுக்கா விரிச்சு, குறுக்கும் நெடுக்குமா நூலோட்டம் போட்டா குளிருக்கு ஒரு போர்வை. வங்காளத்துல பெண்கள் இதைத்தான் காந்தான்னு ஒரு பெரிய கலையாவே வளர்த்திருக்காங்க. தைக்கற நூலைக்கூடப் பழைய சேலை பார்டர்ல இருந்து உருவி எடுத்திருக்காங்க. நமக்குப் பூ, மயில்னு போட வராட்டிப் பரவாயில்லை. நேர் கோடு போட்டாலே அழகுதான். ஓசூர்க் குளிருக்கு மார்கழியில உனக்கு ரெண்டு வேணும்.

பட்டுச் சேலையை மட்டும் அவசரப்பட்டு வெட்டாத, கண்ணு. அம்மா கல்யாணக் காலத்துப் பட்டுல வெள்ளிச் சரிகை இருக்க வாய்ப்பு உண்டு. அந்தச் சரிகைக்குன்னே பழைய பட்டை விலைக்கு எடுக்கறவங்க இருக்காங்க. ரெண்டு மூணு இடத்துல காட்டிக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு. மடிப்புல மட்டும் கிழிஞ்சிருக்குன்னா, நல்ல பாகத்துல சின்னக் குழந்தைக்கு ஒரு பாவாடை வரும். என் பொண்ணுக்கு அப்படித்தான் தைச்சேன். கீழ்ப் பக்கம் ஒரு இன்ச் டக் மூணு வெச்சேன். ஒவ்வொரு டக்கும் உள்ள ரெண்டு இன்ச் துணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். அவ வளர வளர வருஷத்துக்கு ஒண்ணாப் பிரிச்சு விட்டு, நாலு பொங்கலுக்கு அதே பாவாடையைக் கட்டினா.

ஜாக்கெட்டைத் தூக்கிப் போடாத

கல்யாணத்துக்குத் தைச்ச ஜாக்கெட் எல்லாம் இப்பவே பிடிக்குதுன்னு சொன்ன. உள்பக்கம் திருப்பிப் பாரு. நல்ல தையல்காரரா இருந்தா பக்கத்துக்கு ஒரு இன்ச்சாவது துணி விட்டிருப்பார், சில பேர் ரெண்டு மூணு தையல் வரிசையா ஓட்டியே வெச்சிருப்பாங்க. வெளி வரிசையை அப்படியே வெச்சுட்டு உள் வரிசையை மட்டும் பிரிச்சா முடிஞ்சது. தையல் பிரிக்கறதுக்கு ரிப்பர்னு ஒரு சின்னச் சாமான் தையல் கடையில விக்கும். பிளேடைவிட அதுதான் நல்லது. நாலு தையலுக்கு ஒண்ணு வெட்டிட்டு, அடிநூலைப் பிடிச்சு இழுத்தா நீளமா உருவிக்கிட்டு வரும். பிரிச்ச இடத்துல ஊசி ஓட்டை வரிசை தெரியும். ஈரத் துணியால ஒத்தி, நகத்தால லேசாத் தேய்ச்சு, இஸ்திரி போட்டா காட்டன்ல மறைஞ்சுடும். பட்டுல முழுசா மறையாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டே பிரி.

உள்ள துணியே விடலைன்னா கைக்குழிக்குக் கீழ ஒரு சின்னத் துண்டு சேர்க்கலாம். சதுரமா மூணு இன்ச் போதும், மூலைவாக்குல வெச்சுத் தைக்கணும். கையைத் தூக்கும்போது இழுக்காது, இறக்கினா வெளிய தெரியவும் தெரியாது.

நான் மொதமொதல்ல என் ஜாக்கெட்டைச் சின்னதாக்கினப்போ, உள்ள மிஞ்சின துணியை அசிங்கமா இருக்குன்னு நறுக்கி எறிஞ்சேன். ஆறே மாசத்துல அதே ஜாக்கெட்டைப் பெருசாக்க வேண்டி வந்துச்சு, துணியில்லை. அம்மா எனக்குன்னு ஆசையா எடுத்துக் கொடுத்த மயில் கழுத்துக் கலர் ஜாக்கெட் அது, இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறலை. அதனால நீ பிடிச்சுத் தைச்சாலும் சரி, விட்டுத் தைச்சாலும் சரி, உள்துணியை மட்டும் வெட்டாத.

மெஷின் ஊசி பத்தியும் கேட்ட. சாதாரணக் காட்டனுக்கு 14-ஆம் நம்பர், ஜீன்ஸுக்கு 16, மெல்லிசான பட்டுக்கு 11. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசின்னே தனியா இருக்கு, பால் பாயின்ட்னு கேட்டு வாங்கணும். கூர் ஊசி பனியன் நூலைக் குத்தி அறுத்துடும். தைச்சப்போ ஒண்ணும் தெரியாது, ரெண்டு துவையல்ல தையல் ஓரமாப் பொட்டுப் பொட்டா ஓட்டை விழும்.

பனியன் ஊர்க்காரி சொல்றேன்

திருப்பூர்ல பொறந்துட்டு மிதியடியைக் காசு கொடுத்து வாங்கலாமா? மாப்பிள்ளையோட பழைய டி-ஷர்ட் ஆறேழு எடுத்து வை. அக்குளுக்குக் கீழ இருக்கற நேர்ப் பகுதி மட்டும் வேணும். அதைக் குறுக்குவாட்டுல ஒன்றரை இன்ச் அகலத்துக்கு வளையம் வளையமா வெட்டு. ஒவ்வொரு வளையத்தையும் ஒரு இடத்துல வெட்டிப் பிரிச்சு, ரெண்டு முனையையும் பிடிச்சு நல்லா இழு. துணி ஓரம் தானாவே உள்பக்கம் சுருண்டு, கனமான கயிறு மாதிரி ஆயிடும். பனியன் துணியோட குணம் அது, ஓரம் நூல் பிரியாது. நெய்த துணியில இது நடக்காது.

மூணு கயித்தைச் சேர்த்து ஜடை பின்னிக்கிட்டே போ, தீரத் தீர அடுத்ததைத் தைச்சுச் சேரு. ஜடை ஏழெட்டு மீட்டர் ஆனதும் தரையில வெச்சு நத்தைக்கூடு மாதிரி சுத்திச் சுத்தி, பக்கத்து வரிசையோட சேர்த்துக் கோணி ஊசியால தை. கையில வெச்சுத் தைக்காத, கிண்ணம் மாதிரி குழிஞ்சுடும். தரையிலயோ மேஜையிலயோ தட்டையாக் கிடந்துதான் தைக்கணும். டைல்ஸ் தரையில இது வழுக்கும், அதனால பழைய சைக்கிள் டியூபை நாலு பட்டையா வெட்டி அடியில தைச்சுடு. மாமியார் வந்து போற வீடு, இதை மறந்துடாத.

ஊருக்கு வரும்போது காதர்பேட்டைக்குப் போலாம். கட் பீஸ் எடை போட்டுக் கொடுக்கற கடைங்க இருக்கு. ஆனா மொதல்ல வீட்டுல இருக்கற டி-ஷர்ட் தீரட்டும்.

காய்கறிக்கு மஞ்சப்பை ரெண்டு தைச்சு வெச்சுக்கோ. தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடற பிளாஸ்டிக் பையெல்லாம் 2019 ஜனவரி 1-ல இருந்து தடை. 2021 டிசம்பர்ல ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு ஒரு இயக்கத்தை அரசாங்கமே ஆரம்பிச்சுச்சு. இருந்தும் நாம வெறுங்கையோட கடைக்குப் போய் நின்னா என்ன பண்றது? 16-க்கு 18 இன்ச் துண்டு ரெண்டு, கைப்பிடிக்கு 3 இன்ச் அகலம் 22 இன்ச் நீளத்துல ரெண்டு பட்டை, இவ்வளவுதான் தேவை. கைப்பிடி சேர்ற இடத்துல சும்மா ஒரு கோடு தையல் போடாத. சின்னச் சதுரம் ஒண்ணு, அதுக்குள்ள பெருக்கல் குறி ஒண்ணு. அப்படித் தைச்சாதான் அஞ்சு கிலோ வெங்காயம் தாங்கும்.

வயர் கூடை

இதை நீ போடத்தான் போற, ஏன்னா அம்மா போட்ட கூடை நம்ம ரெண்டு பேர் பள்ளிக்கூடச் சோத்து டப்பாவையும் பத்து வருஷம் சுமந்துச்சு. கூடைக்கு வயர் மட்டும் புதுசா வாங்கித்தான் ஆகணும், கட்டுக் கட்டா விக்கும். ரெண்டு கலர் எடுத்தா போதும். ஆரம்பத்துலயே சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சுன்னு ஆசைப்படாத. சாதா முடிச்சுல ஒரு சின்னக் கூடை போட்டு முடி. கை முடிச்சைக் கத்துக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும்.

புதுசாப் போடறவங்க தடுமாறறது வயரை எவ்வளவு நீளத்துக்கு வெட்டறதுங்கறதுலதான். அம்மா முழக் கணக்குல அளப்பாங்க, அது அவங்க கைக்கும் அவங்க இறுக்கத்துக்கும் சரி. உன் கை எவ்வளவு இறுக்குதுன்னு உனக்கே இன்னும் தெரியாது. அதனால இப்படிப் பண்ணு. ஒரு மீட்டர் வயர்ல ரெண்டு துண்டு எடுத்து, பத்து முடிச்சு போட்டுப் பாரு. எவ்வளவு வயர் தின்னுச்சுன்னு மிச்சத்தை அளந்து கழிச்சுக்கோ. அதே நேரம் அந்தப் பத்து முடிச்சு எத்தனை இன்ச் வந்துச்சுன்னும் அளந்துக்கோ. ரெண்டையும் வெச்சு எந்த உயரக் கூடைக்கும் நீயே கணக்குப் போட்டுடலாம். முனை மடக்கறதுக்குன்னு மேல ஒரு சாண் சேர்த்து விடு. வயர் விறைப்பா இருந்தா வெயில்ல கொஞ்ச நேரம் வை, இளகிக் கைக்கு வரும்.

அடிப்பாகம் முடிச்சு, சுத்து வயர் ஏறும்போது மூலை நாலும் ஒரே இறுக்கமா இருக்கணும். ஒரு மூலை தளர்ந்தாலும் கூடை சாஞ்சு நிக்கும். மூணு வரிசை ஏறினதும் தரையில வெச்சுப் பாரு. ஆடுச்சுன்னா அப்பவே பிரிச்சுடு, பத்து வரிசை ஏறினப்புறம் பிரிக்க மனசு வராது. கடைசியில முனைகளை வெட்டி அப்படியே விடாத. உள்பக்கம் நாலஞ்சு முடிச்சுக்குள்ள நுழைச்சு இழுத்து விட்டாத்தான் கையைக் குத்தாது, பிரியவும் பிரியாது.

காகிதமும் வெந்தயமும்

சாவி போட அழகா ஏதாவதுன்னு கேட்ட பாரு, அதுக்கு நம்ம அமுச்சிப் பாட்டி வழி இருக்கு. முறம் ஓட்டை விழுந்தா அமுச்சி என்ன பண்ணுவாங்கன்னு ஞாபகம் இருக்கா? பழைய காகிதத்தை ஊறவெச்சு, வெந்தயம் சேர்த்து ஆட்டி மெழுகுவாங்க. அதே கூழ்ல கிண்ணமும் செய்யலாம்.

செய்தித்தாளைக் கிழிச்சு ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறவிடு, தினம் தண்ணியை மாத்து. ஒரு பெரிய கிண்ணம் காகிதத்துக்கு ஒரு கைப்பிடி வெந்தயம், அதை மட்டும் தனியா ஒரு ராத்திரி ஊறப்போடு. காகிதத்தைப் பிழிஞ்சு வெந்தயத்தோட சேர்த்து நைசா அரை. வெந்தயத்தோட வழவழப்புதான் இங்க பசை. ஒரு பாத்திரத்தைக் கவுத்து, மேல ஈரத் துணி போர்த்து, அது மேல கால் இன்ச் கனத்துக்கு அப்பி, உள்ளங்கையைத் தண்ணியில தொட்டுத் தொட்டு வழிச்சு விடு. ஒரு நாள் நிழல்ல, அப்புறம் மூணு நாலு நாள் வெயில்ல வை. மொதல் நாளே வெயில்ல வெச்சா வெடிக்கும். காஞ்சதும் துணியோட கழண்டு வரும். சாவி, நூல்கண்டு, பூண்டு எல்லாம் போட்டு வைக்கலாம். தின்பண்டம் மட்டும் நேரா வைக்காத. அச்சு மை சாப்பாட்டுல படறது நல்லதில்லைன்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-லயே எச்சரிச்சிருக்கு. வடை எண்ணெய் ஒத்தறதுக்கும் செய்தித்தாள் வேண்டாம்.

ஓ.டி.ஜி. இல்லாத கேக்

அடுப்பு வாங்கறதை ஆறு மாசம் தள்ளிப் போடு. இருக்கற கேஸ் அடுப்புல மாசம் ரெண்டு கேக் செய்யறியான்னு பார்த்துட்டு அப்புறம் வாங்கலாம்.

எல்லாரும் குக்கர்ல கேக் செய்யறாங்க, உப்பைக் கொட்டி, கேஸ்கெட்டையும் விசிலையும் கழட்டிட்டு. கேக் நல்லாத்தான் வரும். ஆனா தண்ணியில்லாம சூடேத்தக் கூடாதுன்னு குக்கரோட குடுக்கற புத்தகத்துலயே போட்டிருப்பாங்க. தினமும் சோறு வைக்கற குக்கரை அதுக்குக் கொடுக்காத. பரண்ல ஒரு பழைய கனமான அலுமினியக் குண்டா இருக்கு, மூடியும் இருக்கு. அதுதான் உன் ஓவன். அடியில ரெண்டு கப் கல் உப்பைப் பரப்பி, மேல ஒரு வளையம் வை. அந்த உப்பைச் சமையலுக்கு எடுக்காம ஆறவெச்சு ஒரு டப்பாவுல போட்டு வெச்சுக்கிட்டா அடுத்த கேக்குக்கும் அதுவே.

ஏழு இன்ச் வட்ட டின்னுக்கு அளவு: மைதா ஒன்றரை கப், பொடிச்ச சர்க்கரை முக்கால் கப், தயிர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒண்ணேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். கப்னா 240 மில்லி, டீஸ்பூன்னா 5 மில்லி. இந்த ரெண்டு அளவும் சரியா இருக்கணும். வீட்டு டம்ளரை 240 மில்லி தண்ணி ஊத்திக் கோடு போட்டு வெச்சுக்கோ. மைதாவை கப்பால மொண்டு அமுக்காத. கரண்டியால போட்டு மேல கத்தியால வழி. அமுக்கினா கூடுதலாப் போயி கேக் கட்டியாயிடும்.

மொதல்ல குண்டாவை மூடி, மிதமான தீயில பத்து நிமிஷம் சூடாக்கு. இதை மொதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தயிரோட புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனே நுரைக்க ஆரம்பிக்கும். அந்த நுரை அடங்கறதுக்குள்ள மாவு சூட்டுக்குள்ள போயாகணும். நீ மாவைக் கரைச்சு வெச்சுட்டு அப்புறம் அடுப்பைப் பத்த வெச்சா, காத்து பாதி வெளிய போயிருக்கும்.

தயிரையும் சர்க்கரையையும் கட்டியில்லாமக் கலக்கி, பேக்கிங் பவுடரும் சோடாவும் போட்டு மூணு நிமிஷம் விடு. மேல குமிழ் குமிழா எழும்பி வர்றதைப் பார்க்கலாம். எழும்பலைன்னா பவுடர் பழசு. எண்ணெய், வெனிலா சேர்த்து, மைதாவைச் சலிச்சு மூணு தடவையாப் போட்டு, மாவு மறையற வரைக்கும் மட்டும் கலக்கு. ரொம்பக் கிண்டினா ரப்பர் மாதிரி இழுக்கும். எண்ணெய் தடவி மாவு தூவின டின்ல ஊத்தி, குண்டாவுல இறக்கி, தீயைக் குறைச்சு, நாற்பது நாற்பத்தஞ்சு நிமிஷம். மொதல் அரை மணி நேரம் மூடியைத் தொடாத, கண்ணு. பாதி வெந்த கேக் அப்படியே நடுவுல அமுங்கிடும். டின் அலுமினியமா இருக்கட்டும். சில்வர் டப்பாவுல சூடு ஒரே சீராப் பரவாது, அடி கருகிடும்.

மேல போட டூட்டி ஃப்ரூட்டியையும் வாங்க வேண்டாம். கடையில இருக்கறது பெரும்பாலும் பப்பாளிக் காயில செஞ்சதுதான். நமக்குத் தர்பூசணித் தோல் போதும். பச்சைத் தோலைச் சீவிட்டு, வெள்ளைச் சதையைக் கால் இன்ச் துண்டா நறுக்கு. ரெண்டு கப் துண்டை ஏழெட்டு நிமிஷம் வேகவெச்சு வடிச்சுடு. ஒரு கப் சர்க்கரை, அரை கப் தண்ணி, அதுல துண்டுகளைப் போட்டு, கண்ணாடி மாதிரி ஆகி, பாகு ஒரு கம்பிப் பதம் வர்ற வரைக்கும் சிறு தீயில வை. மூணு கிண்ணத்துல பிரிச்சு, ஒண்ணுல பீட்ரூட் சாறு, ஒண்ணுல ஒரு சிட்டிகை மஞ்சள், ஒண்ணு அப்படியே. ஒரு நாள் ஊறினதும் வடிகட்டித் தட்டுல பரப்பி நிழல்ல ரெண்டு நாள் காயவிட்டு ஃப்ரிஜ்ல வை. கேக்குல போடறப்போ கொஞ்சம் மைதாவுல புரட்டிப் போட்டா சீக்கிரம் அடியில இறங்காது. அலங்காரத்துக்கு ஐசிங் சர்க்கரை வேணும்னா, ஒரு கப் சர்க்கரையோட ஒரு டீஸ்பூன் சோள மாவு சேர்த்து மிக்ஸியில நைசா அடி, அவ்வளவுதான்.

இதெல்லாம் வேண்டாம்

சோப்பு செய்யறேன்னு சொன்ன, வேண்டாம். அதுக்குக் காஸ்டிக் சோடா கரைக்கணும். கண்ணுல ஒரு சொட்டுத் தெறிச்சாப் பார்வைக்கே ஆபத்து, உன் சமையலறை எட்டுக்கு ஆறு அடி. ரெசின்ல தட்டு செய்யறதும் வேண்டாம். பொருள் விலையும் அதிகம், கையுறை, மாஸ்க், காத்தோட்டம் எல்லாம் வேணும். மேக்ரமே அழகுதான், ஆனா ஒரு சுவர்த் தோரணத்துக்கு ஆகற கயித்துக் காசுல ஜன்னலுக்கு நல்ல கம்பியே வாங்கிடலாம். மெழுகுவத்தி உருக்கறதா இருந்தா ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சு அதுக்குள்ள இன்னொரு பாத்திரத்துல உருக்கு. நேர்த் தீயில மெழுகைக் காட்டவே கூடாது.

கத்தரிக்கோலும் வாங்காத. அம்மாவோட மீரட் கத்தரி என்கிட்ட இருக்கு, பித்தளைக் கைப்பிடி போட்டது. போன வாரம் தெருவுல சாணை பிடிக்கறவர் வந்தார், தீட்டி வெச்சிருக்கேன். துணி தவிர வேற எதையும் அதால வெட்டாத. காகிதம் வெட்டினா ரெண்டே நாள்ல மழுங்கி, பட்டை இழுத்து இழுத்துக் கடிக்கும்.

வர்ற ஞாயிறு காலைல வண்டி ஏறறேன். குண்டா, கத்தரி, சேலை நாலு, டி-ஷர்ட் வெட்டினது ஒரு பை எல்லாம் எடுத்துட்டு வர்றேன். நீ ஜன்னலைத் திரும்ப ஒரு தடவை அளந்து வை, மேல கம்பி இருக்கற இடத்துல இருந்து அளக்கணும், சட்டத்துல இருந்து இல்லை. கேக் டின் அளவையும் அனுப்பு. ஏழு இன்ச்சுக்கு மேல இருந்தா மாவு அளவை மாத்திச் சொல்றேன்.